ஐந்து மாதத் தபாலும் அறுபத்தேழு மணித்தியாலக் கப்பலும்

நோர்வே என்ற பெயரைக் கேட்டதும் இலங்கைத் தமிழருக்கு நினைவில் வருவது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையும், கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையே பறந்து திரிந்த தூதுவர்களுந்தான். அந்நாட்டின் வடகரையோர மக்கள் பல பத்தாண்டுகளாக ஒரேயொரு கப்பற் சேவையை நம்பி வாழ்ந்த கதையை நம்மிற் பலர் அறியார். அறிந்தவர்களும் பிரயாண முகவர்களின் விளம்பரப் படங்களூடாகவே அதை அறிந்திருக்கிறார்கள். பனி மூடிய மலை, அசையாத நீர், நடுவே ஒரு கப்பல், அதன் மேற்றளத்திலே போர்வை போர்த்திக்கொண்டு கோப்பி அருந்தும் முதிய தம்பதி. படம் பொய்யன்று. ஆனால் அந்தத் தம்பதிக்காகவா அக்கப்பல் விடப்பட்டது?

சேவையின் பெயர் ஹுர்டிக்ரூட்டன். விரைவு வழி என்பது பொருள். இன்று அப்பெயரைக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். தெற்கே பேர்கனில் புறப்பட்டு, ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்கனெஸ் வரை சென்று மீள்வதற்குப் பதினொரு நாள்களுக்கு மேல் ஆகிறது. வழியில் 34 துறைமுகங்கள். ஒஸ்லோவில் விமானம் ஏறினால் இரண்டு மணித்தியாலங்களில் கிர்கனெஸில் இறங்கிவிடலாம். ஆனால் அந்தப் பெயர் 1893இல் இடப்பட்டது. அன்று அதில் ஒரு துளி மிகையும் இருக்கவில்லை.

அக்காலத்தில் ட்ரொண்ட்ஹைம் நகரில் தபாலிற் சேர்த்த ஒரு கடிதம், வடக்கேயுள்ள ஹமர்ஃபெஸ்ட் ஊருக்குப் போய்ச் சேரக் கோடைகாலத்தில் மூன்று வாரங்கள் வரை பிடித்தது. மாரிகாலத்தில் ஐந்து மாதங்கள் வரை. ஐந்து மாதம் என்றால், தாய் இறந்த செய்தி மகனுக்குக் கிடைக்கும்போது ஆறாம் மாதம் பிறந்திருக்கும். மீனின் சந்தை விலை வடக்கே எட்டும்போது அந்த விலை இருந்திருக்காது. நீராவிக் கப்பல்கள் வடக்கே ஓடாமலில்லை. ஆனால் அவை பகலில் மட்டுமே ஓடின. இருட்டியதும் ஏதாவதொரு குடாவில் நங்கூரமிட்டன. ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் மாரியில் சூரியனே எழாத வாரங்கள் உண்டு. அப்படியானால் பகலுக்கு எங்கே போவது?

அரசாங்கத்தின் கப்பற் போக்குவரத்து ஆலோசகராக இருந்த ஓகுஸ்ட் கிரீக்ஸ்மன் கிரான் என்பவர் 1891இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: இரவும் பகலும், கோடையும் மாரியும் நில்லாமல் ஓடும் ஒரு விரைவுச் சேவை. நாட்டின் இரு பெரிய கப்பல் நிறுவனங்களிடம் கேட்டபோது இரண்டுமே மறுத்துவிட்டன. அவற்றைக் குறைகூறவும் முடியாது. ட்ரொண்ட்ஹைமுக்கு வடக்கே அன்று இருந்த வெளிச்சவீடுகள் 28. கடல் வரைபடங்கள் இரண்டே இரண்டு. பாறைகளும் தீவுகளும் ஆயிரக்கணக்கில்.

சம்மதித்தவர் ஸ்டொக்மார்க்னெஸ் என்ற சிற்றூரில் சிறு கப்பற் கம்பனியொன்றை நடத்திக்கொண்டிருந்த ரிச்சர்ட் வித் என்ற கப்டன். வணிகரும் கடலோடியுமான இந்த மனிதரின் துணிவைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அதிகம். எனக்கு அவருடைய துணிவைவிட அவருடைய கொப்பிதான் பெரிதாகத் தெரிகிறது. அவரும் அவருடைய வழிகாட்டி மாலுமி அன்டர்ஸ் ஹோல்டவும் பல பயணங்களிலே, எந்த முனையிலிருந்து எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நிமிடம் ஓடினால் அடுத்த திருப்பம் வரும் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தார்கள். கண்ணுக்கு எதுவும் புலப்படாத இரவிலே திசைகாட்டியும் மணிக்கூடும் அந்தக் குறிப்பும் போதும் என்பது அவர்களுடைய கணிப்பு. 1893 மே 18இல் அரசாங்கத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கிழமைக்கு ஒரு பயணம், கோடையில் ஹமர்ஃபெஸ்ட் வரை, மாரியில் ட்ரொம்சோ வரை. நான்கு ஆண்டுகளுக்கு அரச மானியம். மானியம் என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இலாபம் வராத வழியில் கப்பல் ஓடுவதற்கு அரசு பணம் கொடுக்கும் என்ற ஏற்பாடு அன்று தொடங்கியது. நோர்வே அப்போது பணக்கார நாடன்று. தனியரசாகக்கூட இருக்கவில்லை, சுவீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இருந்தது. எண்ணெய் கிடைத்தது முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

1893 யூலை 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பல் ட்ரொண்ட்ஹைமிலிருந்து புறப்பட்டது. 5ஆம் திகதி அதிகாலை மூன்றரை மணிக்கு ஹமர்ஃபெஸ்டில் நின்றது. 67 மணித்தியாலங்கள். இருட்டில் ஓட முடியாது என்று விலகியிருந்த அந்த இரு பெரிய நிறுவனங்களும் அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே வழியிற் கப்பல் விட்டன. 1898இல் தெற்கு முனை பேர்கனுக்கு நகர்ந்தது. 1936 முதல் நாள்தோறும் ஒரு கப்பல் வடக்கே புறப்பட்டது.

நான் இவ்வழியிற் பயணித்தது 2019 மார்ச் மாதத்தில். வேண்டுமென்றே பழைய கப்பலைத் தெரிந்தெடுத்தேன். 1964இல் ஒஸ்லோவிற் கட்டப்பட்ட ‘லொபோத்தன்’. 87 மீற்றர் நீளம். புதிய கப்பல்களில் உள்ளதுபோலக் கார்களை ஓட்டி ஏற்றும் தளம் இதில் இல்லை. முன்தளத்திலே ஒரு பாரந்தூக்கி. ஒவ்வொரு துறையிலும் அது சுழன்று பெட்டிகளை இறக்கும், ஏற்றும். அலைத் தாக்கத்தைத் தணிக்கும் பக்கத் துடுப்புகளும் கிடையாது. திறந்த கடலுக்கு வந்ததும் இரவுச் சாப்பாட்டு மண்டபத்திற் பாதிக் கதிரைகள் காலியாகிவிடும். இந்தக் கப்பல் 2021இல் சேவையிலிருந்து விலகிப் பயிற்சிக் கப்பலாகிவிட்டது. அதே ஆண்டு தொடங்கிய புதிய அரச ஒப்பந்தப்படி இவ்வழியை இப்போது இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றுக்கு ஏழு கப்பல்கள், மற்றதற்கு நான்கு. 2030 வரை அந்த ஏற்பாடு. மானியம் தொடர்கிறது.

எங்கள் தலைமுறைக்கு வடகரையோரக் கப்பல் என்றால் வேறு அர்த்தம். ஏ-9 வீதி மூடிக்கிடந்த ஆண்டுகளிலே திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடிய கப்பல்தான் அது. அதற்காகப் பெயர் பதிந்து, அனுமதி வாங்கி, நாட்கணக்கிற் காத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். முல்லைத்தீவுக் கரை எந்தப் பக்கம் என்று அறியவும் வழியில்லாமல் கரையை விட்டு வெகுதூரம் விலகி அது ஓடும். ஆகவே, நள்ளிரவு இரண்டு மணிக்கு ஓர் ஊரில் நின்று, ஒரு கிழவியை ஏற்றி, அடுத்த ஊரில் அவளை இறக்கிவிடும் கப்பலைப் பார்த்தபோது எனக்கு மலைகளைப் பார்க்கத் தோன்றவில்லை. உல்லாசப் பயணிகள் அந்நேரம் அறைகளில் உறங்கினார்கள். கப்பலின் உண்மையான வேலை பெரும்பாலும் அவர்கள் உறங்கும்போதுதான் நடந்தது.

நோர்வேயின் அரச ஒலிபரப்பு நிறுவனம் 2011 யூனில் பேர்கன் முதல் கிர்கனெஸ் வரையான பயணத்தை 134 மணித்தியாலங்கள் இடைவிடாது நேரடியாக ஒளிபரப்பியது. கதையில்லை, தொகுப்பாளர் ஆரவாரமில்லை. கரை நகர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். அந்நாட்டு மக்களில் பெரும்பகுதியினர் அதை ஒரு நேரமாவது பார்த்தார்கள். ஊர்ஊராக மக்கள் கொடி பிடித்துக்கொண்டு துறைகளுக்கு ஓடிவந்தார்கள். அழகுக்காக மட்டும் அப்படி ஓடிவந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

பயணத்தின் நான்காம் நாள் மாலை, பூடோ நகரைக் கடந்து திறந்த கடலைத் தாண்டினால் லொபோத்தன் தீவுகள் ஒரு சுவர்போல எழுந்து நிற்கின்றன. சனவரி முதல் ஏப்ரல் வரை, பாரன்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன் முட்டையிட இங்கே வருகிறது. பிடித்த மீனை இரண்டிரண்டாக வாலிற் கட்டி மரப்பந்தல்களிலே தொங்கவிடுகிறார்கள். உப்பில்லை; குளிர்காற்றே காயவைக்கிறது. ஸ்வொல்வர் துறையில் இறங்கியதும் வந்த வாடை என்னை நேரே வல்வெட்டித்துறைக்குக் கொண்டுபோனது. கருவாடு எங்கும் கருவாடுதான்.

ஸ்வொல்வரை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, இரவிலே கப்பல் வேகத்தைக் குறைத்தது. தேடொளி விளக்கொன்றை மாலுமிகள் ஒரு பாறை இடுக்கின்மேல் வீசினார்கள். அதுதான் ட்ரோல்ஃபியோர். வாயிலில் நூறு மீற்றர் அகலம், உள்ளே இரண்டு கிலோமீற்றர் நீளம். பனிச்சரிவு அபாயத்தால் மாரியில் கப்பல்கள் உள்ளே போவதில்லை. பயணிகள் படம் எடுத்தார்கள். அறிவிப்பாளர் மலையின் உயரத்தைச் சொன்னார். 1890 மார்ச்சில் அங்கே நடந்ததை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். அந்த ஆண்டு கொட் மீன் திரளாக இந்த இடுக்குக்குள் நுழைந்தது. நீராவிக் கலங்களின் சொந்தக்காரர்கள், நம்மூர் வழக்கிற் சொன்னால் பெரிய சம்மாட்டிமார், பெரும் வளைப்பு வலையைக் குறுக்கே போட்டு வாயிலை அடைத்தார்கள். உள்ளே மீன்பிடிக்க வேண்டுமானால் பணம் கட்டு என்றார்கள். துடுப்பும் பாயும் கொண்ட திறந்த வள்ளங்களில் வந்த கடற்றொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, நீராவிக் கலங்களின்மேல் ஏறி, கைகலப்பிலே வழியைத் திறந்துகொண்டார்கள். யொஹான் போயர் 1921இல் வெளியிட்ட ‘கடைசி வைக்கிங்’ நாவலில் இச்சண்டை வருகிறது. ஓவியர்களும் வரைந்தார்கள். ஓவியத்தைவிட முக்கியமானது, அரசு சிறிய வள்ளக்காரரின் பக்கம் சாய்ந்தமை. லொபோத்தன் மீன்பிடியில் அத்தகைய வளைப்பு வலை சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1930களின் பிற்பகுதியில், ரோலர்களுக்கு அனுமதி வழங்குவதையும் நோர்வே சட்டமியற்றிக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் நகர முடியாது. அதே நோர்வேதான் 1952இல் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ், கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைக் கிராமங்களில் இந்தோ-நோர்வே மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் நல்லது: சுகாதாரம், குடிநீர், சிறிய இயந்திரப் படகு. 1960களில் இறால் ஏற்றுமதி சூடுபிடித்தபோது அந்த இயந்திரப் படகுகள் இழுவைமடிக்கு மாறின. தென்னிந்தியக் கரையெங்கும் ரோலர் பெருகியதற்கு அத்திட்டம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். அரசின் ஊக்குவிப்பும் முதலாளிகளின் ஆசையும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனாலும் விதைகளுள் ஒன்று அங்கே போடப்பட்டது. இன்று பாக்கு நீரிணையில் இரவோடிரவாக வலைகளை இழந்து நிற்கும் யாழ்ப்பாண, மன்னார்த் தொழிலாளியும் இழுவைமடியின் எதிரே சிறிய வள்ளத்தோடுதான் நிற்கிறான். இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தாற் தடைசெய்தது 2017இல். ட்ரோல்ஃபியோர் சண்டை நடந்து 127 ஆண்டுகளின் பின்.

எதிர்த்திசையிற் போனவர் ஒருவரும் உண்டு. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே வந்து மீன்பிடித் தொழில்நுட்பம் கற்றார். அந்நாட்டு மக்களிடம் நிதி திரட்டி 1967இல் அவர் தொடக்கிய சீநோர் நிறுவனத்தைக் காரைநகர்ப் படகுத் தொழிற்சாலையின் பெயரால் நம்மவர் அறிவர். நோர்வேக்கு வந்த முதல் தமிழர் அவரே என்று சொல்லப்படுகிறது. ஆக, நமக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள உறவு தூதுவர்களுடன் தொடங்கியதன்று, மீனுடன் தொடங்கியது.

ஸ்டொக்மார்க்னெஸில் ஓர் அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. 1956இற் கட்டப்பட்ட ‘ஃபின்மார்க்கன்’ கப்பலை அப்படியே கரையேற்றி வைத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் அமிழ்ந்த கப்பல்களின் கதையையும் அங்கே அறியலாம்.

1940 ஏப்ரல் 9இல் ஜேர்மனி நோர்வேயை ஆக்கிரமித்தது. கரையோர மக்களுக்கு வேறு வழி இல்லாததால் விரைவுக் கப்பல்கள் தொடர்ந்து ஓடின. ஜேர்மன் படையினரும் சரக்கும் அவற்றில் ஏறினர். ஆகவே நேச நாடுகளின் கண்ணில் அவை எதிரிக் கலங்களாகின. 1941 செப்டெம்பர் 13இல், சேவையைத் தொடங்கிய கப்டனின் பெயர் தாங்கிய ‘ரிச்சர்ட் வித்’ கப்பலைப் பிரித்தானிய நீர்மூழ்கி தாக்கியது. இறந்தோர் 99 பேர். அடுத்த மாதம் 17ஆம் திகதி, 1893இல் முதற் பயணம் சென்ற அதே ‘வெஸ்டரோலன்’ சோவியத் நீர்மூழ்கியின் டோர்ப்பிடோவுக்கு இரையானது. சுமார் 60 பேர் மாண்டனர். ஐந்து வாரங்களுக்குள், நிறுவியவரின் பெயரும் அவருடைய முதற் கப்பலும் கடலடிக்குப் போயின. கப்டன் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1930இலேயே காலமாகியிருந்தார். 1944 பெப்ரவரியில் ‘இர்மா’ என்ற கப்பலை மூழ்கடித்தவை நோர்வேயின் சொந்தக் கடற்படை டோர்ப்பிடோப் படகுகள். 61 பேர். அந்தப் படகோட்டிகள் எந்தக் கப்பலென்று அறியாமல் அடித்தார்களா என்ற விவாதம் போர் முடிந்தபின்பும் அந்நாட்டை நெடுங்காலம் உறுத்தியது.

குமுதினியை நினைக்காமல் இதை எழுத என்னால் முடியவில்லை. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகிலே, இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நோர்வேயின் கப்பல்களுக்கு நேர்ந்தது வேறு, நமக்கு நேர்ந்தது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஏறியவர்கள் ஒரே மாதிரியானவர்கள். ஆசுபத்திரிக்குப் போனவர்கள், சந்தைக்குப் போனவர்கள், சம்பளம் வாங்கப் போனவர்கள்.

1941 இலையுதிர்காலத்தின் பின், ட்ரொம்சோவுக்கு வடக்கே பெரிய கப்பல்கள் நிறுத்தப்பட்டன. சிறிய மீன்பிடிக் கலங்கள் தபாலையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு பாறைகளோடு ஒட்டி ஒட்டி ஓடின. மிக மோசமானது அதற்குப் பிறகே வந்தது. 1944 ஒக்டோபரில் செஞ்சேனை கிர்கனெஸை நெருங்கியபோது, பின்வாங்கிய ஜேர்மன் படை ஃபின்மார்க் மாகாணத்தையும் வட ட்ரொம்சையும் எரித்துக்கொண்டே போயிற்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பாடசாலைகள், தேவாலயங்கள், துறைகள், மீன் பதனிடும் கொட்டில்கள். தந்திக் கம்பங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. சுமார் 50,000 பேர் கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 25,000 பேர் போக மறுத்துக் குகைகளிலும் மண்குடிசைகளிலும் கவிழ்த்த வள்ளங்களின் கீழும் ஒளிந்துகொண்டனர். கிர்கனெஸ் அருகேயுள்ள பியோர்னவத்ன் இரும்புச் சுரங்கத்தினுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தனர். குழந்தைகளும் அங்கே பிறந்தன. ஹமர்ஃபெஸ்டில் எஞ்சியது ஒரேயொரு கட்டடம், இடுகாட்டுச் சிற்றாலயம். கப்பல் அங்கே நின்ற காலைப் பொழுதில் நடந்துபோய்ப் பார்த்தேன். சிறியது. வெள்ளையடித்திருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் அரசாங்கம், இப்போது திரும்பவேண்டாம், வீடில்லை, திட்டமிட்டு ஒழுங்காகக் குடியேற்றுவோம் என்றது. மக்கள் கேட்கவில்லை. கிடைத்த கலங்களில் ஏறித் தத்தம் எரிந்த ஊர்களுக்குப் போனார்கள். தகரத்தாலும் எரியாத பலகைகளாலும் கொட்டில் போட்டார்கள். அரசு கடைசியில் அவர்களைப் பின்தொடர்ந்து பலகையும் சீமெந்தும் அனுப்பியது. ஃபின்மார்க் ஊர்களில் இன்றும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற சிறிய மரவீடுகள் வரிசையாக நிற்பதன் காரணம் அதுதான். பழைய வீடு ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்கக்கூடாத ஊர்கள் அவை.

இந்த எரிந்து எழுந்த ஊர்களுக்குத்தான் 1980களின் நடுப்பகுதியிலிருந்து நம் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். உள்ளூர் இளையோர் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தனர். மீன் துண்டாக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. வார்டோ, போட்ஸ்ஃபியோர், மேஹாம், ஹொனிங்ஸ்வோக் என்று வரைபடத்தில் தேடிப்பிடிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் தமிழ்க் குடும்பங்கள். தமிழ்ப் பாடசாலை, பொங்கல், கரப்பந்தாட்டம். அகதி வாழ்வைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் ரொறன்ரோவும் லண்டனும் பாரிசுமாகவே இருக்கிறது. உலகின் வடகோடியிலே, நாளுக்கு எட்டு மணித்தியாலம் பனிக்கட்டி நீரில் கைவைத்து மீன்முள் எடுத்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு. அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனை தங்கைமார் கரைசேர்ந்தார்கள் என்ற கணக்கும் எவரிடமும் இல்லை.

நான் போட்ஸ்ஃபியோரில் இறங்கியபோது நள்ளிரவு கடந்திருந்தது. என்னோடு ஒரே வகுப்பிற் படித்த நண்பர் துறையில் நின்றார். இரண்டு நாள் அவருடைய வீட்டில் தங்கினேன். 1987 டிசம்பரில் இதே நேரத்தில், இதே துறையில், இதே கப்பற் சேவையில் வந்து இறங்கியதாகச் சொன்னார். விடிந்ததும் ஊரைப் பார்க்கலாமென்று யன்னலருகே கதிரையைப் போட்டுக் காத்திருந்தாராம். மறுநாள் மத்தியானம் ஒரு நீலவெளிச்சம் வந்து போனது. சூரியனைக் கண்டது சனவரி கடைசியில். அந்த ஏழு கிழமையும் அவருக்கு நேரம் சொன்னது கப்பலின் ஊதல்தான். வடக்கே போகும் கப்பல் ஊதினால் நித்திரை கொள்ள வேண்டும், தெற்கே போகும் கப்பல் ஊதினால் இரவுச் சமையலைத் தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் அவ்வூரில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்போது ஒஸ்லோவில். பிள்ளைகளின் படிப்பு, நம்மவர் கூட்டம், கோயில் எல்லாம் அங்கேதான். நண்பருடைய இரு பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். இவர் போகவில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் கப்பலின் பாரந்தூக்கி அன்றிரவு இறக்கிய பெட்டிகளுள் ஒன்று அவருக்கு வந்தது. முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து தாயார் அனுப்பிய மிளகாய்த்தூள் இப்போது ஒஸ்லோவிலிருந்து மகள் அனுப்பி வருகிறது. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வழுக்கும் பனியிலே எனக்கு முன்னே நடந்தபடி, எந்த இடத்திற் காலை ஊன்ற வேண்டுமென்று ஒவ்வோரடிக்கும் சொல்லிக்கொண்டு போனார்.